அடுக்குச் சட்டையும் தாய்மாமன் சீரும்

1937 அக்டோபர் 24, ஞாயிறு. பழனிசெட்டிபட்டி

காலையில் இப்ராஹிம் வந்தான். உத்தமபாளையத்துக்காரன். ஜவுளி மூட்டையோடு மாதத்துக்கு ஒரு தடவை மேகமலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்குகிறவன். என் தங்கச்சி பவுனு வீட்டுச் சேதி எனக்கு வருவது அவன் வாய் வழியாகத்தான்.

பவுனு மகள் இருளாயிக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்களாம். கார்த்திகை 27, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் அன்றைக்குத்தான் லீவு. குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய் மலையிலேயே ஒரு கல் நட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால்தான் குத்து.

சேதி அதோடு முடியவில்லை. தங்கச்சி மாப்பிள்ளை ஒச்சாண்டி அங்கே மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார், பேசினால் திரும்ப வாங்கமாட்டார். அவர் சொல்லி அனுப்பியது: "முடி எடுக்கையில மடி மாறிப்போச்சு. இந்தத் தடவயும் மாறுச்சுன்னா மாறுனதுதான். அப்புறம் மச்சானுக்கு ஆள் விடமாட்டேன்."

மடி என்றால் தாய்மாமன் மடி. என் மடி. போன தை மாதம் பிள்ளைக்கு முடி எடுக்கக் கிளம்பிப்போய், பாதி மலையில் நடுங்கி விழுந்து, என்னை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் பெரியப்பா மகன் நல்லகண்ணு அதே தோட்டத்தில் வேலை பார்க்கிறான். பிள்ளையை அவன் மடியில் உட்காரவைத்து முடி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளை அவனைத்தான் மாமா என்கிறதாம்.

"வர்றாருன்னு சொல்லு" என்று இப்ராஹிமிடம் சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் பயம் வந்தது.

அக்டோபர் 26

நான் ஏன் விழுந்தேன்? இதை ஒருத்தரும் கேட்கவில்லை. "ஒங்களுக்கு மலை ஒத்துக்காது" என்று முடித்துவிட்டார்கள். எந்த வைத்தியன் சொன்னான்?

யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஊரிலேயே கனமான கம்பளி. அடிவாரத்திலேயே இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். என்னோடு வந்த தோட்டத்து ஆள்கள் சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் சிரித்தேன். ஏறும்போது எனக்குக் குளிரவே இல்லை. வேர்த்து ஊற்றியது. இளைப்பாற உட்கார்ந்தோமே, அங்கேதான் பிடித்தது. என்னை இறக்கிக் கொண்டுவந்தபோது உள்சட்டையைப் பிழியலாம் போலிருந்தது என்று என் பெண்டாட்டி சங்கிலியம்மாள் இப்போதும் சொல்கிறாள். மழையே இல்லாத நாள் அது.

அப்படியானால் என்னை நனைத்தது நானேதானா?

அக்டோபர் 31, ஞாயிறு

இன்றைக்கு ஒரு சோதனை. மூன்று செம்பு ஒரே அளவு. மூன்றிலும் கொதிக்கிற வெந்நீர். ஒன்றுக்கு நனைத்த வேட்டித் துண்டு, ஒன்றுக்கு நனைத்த கம்பளித் துண்டு, ஒன்றுக்கு நனைத்த பட்டு. பட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். மூன்றையும் காற்று வரும் பக்கம் வரிசையாக வைத்து, அவ்வப்போது செம்புக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.

வேட்டி கட்டிய செம்புதான் முதலில் ஆறியது. கம்பளிச் செம்பு கடைசிவரை சூட்டை விடவில்லை, இத்தனைக்கும் துணி சொட்டச் சொட்ட நனைந்துதான் இருந்தது. பட்டு நடுவில். ஆனால் சீக்கிரம் காய்ந்தது பட்டுதான். இது என்ன கூத்து? ஈரமான பிறகும் கம்பளிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

சங்கிலியம்மாள் கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தாள். "செம்புக்கெல்லாம் சேல கட்டிவிட்டிருக்கீங்களே, எந்தச் செம்புக்குக் கல்யாணம்?" அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சேலை யாருடையது என்று தெரிந்ததும் எனக்குச் சோறு கிடைக்கவில்லை. முந்தி மட்டும்தான் நனைத்தேன் என்று சொன்னது தப்பு. முந்திதான் சேலையிலேயே விலையான இடமாம்.

நவம்பர் 3

பஞ்சாலையில் வேலை குறைவு. புதுப் பருத்தி இன்னும் வரவில்லை. எடைக்காரனுக்கு எடை போட ஒன்றுமில்லை என்றால் இப்படித்தான் புத்தி அலையும். கொட்டை நீக்கிக் குவித்த பஞ்சுக்குள் கையை விட்டேன், கதகதவென்று இருக்கிறது. அழுத்திக் கட்டிய பேல் மூட்டையில் விரலைச் செருகினேன், கல்லாட்டம் சில்லென்று இருக்கிறது. அதே பஞ்சுதான், இறுக்கியதும் சூடு எங்கே போயிற்று?

ஒன்றுதான் தோன்றுகிறது. சூடு பஞ்சில் இல்லை. பஞ்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு தடித்த கம்பளி சுற்றிய செம்பைவிட, நைந்த மெல்லிசுக் கம்பளி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய செம்பு அதிக நேரம் தாங்குகிறது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? சங்கிலியம்மாளிடம்தான் சொன்னேன். "காத்தையா உடுத்திக்கிட்டுப் போகப் போறீக?" என்றாள்.

நவம்பர் 7, ஞாயிறு

பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. போட்டால் தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறேன். அல்லிநகரத்துக்கு மேற்கே வீரப்ப அய்யனார் கோயிலைத் தாண்டி மலைச்சரிவில் ஏறிப் பார்த்தேன். முதலில் சொர்க்கம். அப்புறம் வேர்வை. அப்புறம் பஞ்சு மொத்த வேர்வையையும் குடித்துவிட்டு ஈரச் சாணி மாதிரி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. உச்சிக்காற்றில் நின்றதும் அதே பழைய நடுக்கம் ஆரம்பித்தது. அலறிக்கொண்டு கழற்றினேன்.

பருத்தியால் சோறு தின்கிறவன் நான். பருத்தியே இப்படிக் காலை வாரிவிட்டதே.

நவம்பர் 9

தும்மல். சங்கிலியம்மாள் பேசவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் பட்டாளத்துக் கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தது. பூச்சி அரித்து, கழுத்து கிழிந்து, எந்த வெள்ளைக்காரச் சிப்பாய் போட்டதோ, எங்கே செத்தானோ. ஆனால் என்ன லேசு! உருட்டினால் ஒரு தேங்காய் அளவுதான். கொதிநீரில் போட்டு அலசினால் சுருங்கும் என்று விற்றவனே சொன்னான். வெறுந்தண்ணீரில் அலசிக் காயவைத்திருக்கிறேன்.

இப்ராஹிம் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு. வெங்காயமாய்யா நீ? எனக்கு இருக்குறது ஒரே கம்பளி. இருவது வருசமா ஏறுறேன், மிச்சத்த அல்லா பாத்துக்கிறான்."

"அல்லாவுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். அதற்கும் சிரித்தான்.

நவம்பர் 21, ஞாயிறு

முல்லையாற்றில் சட்டையோடு முங்கி எழுந்து, அப்படியே கரைக்காற்றில் உட்கார்ந்திருந்தேன். கம்பளிச் சட்டை நனைந்தும் உடம்பைக் கைவிடவில்லை. ஆனால் காற்று அடித்தால் அதன் ஓட்டையெல்லாம் வழியாகப் புகுந்துவிடுகிறது. மேலே நெருக்க நெய்த காக்கிச் சட்டையைப் போட்டதும் காற்று நின்றது. ஆக, உள்ளே இருப்பது சூட்டைப் பிடித்துவைக்க, வெளியே இருப்பது காற்றை மறிக்க. இரண்டையும் ஒரே துணியிடம் கேட்டதுதான் போன வருஷத்துத் தப்பு.

துவைக்க வந்த பொம்பளைகள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். "பஞ்சாலைக்காரருக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்பது மட்டும் காதில் விழுந்தது.

நவம்பர் 28, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ஏறும்போது பனியன் மட்டும், லேசாகக் குளிர்ந்தால் குளிரட்டும். நிற்கப்போகிறோம் என்றால் நிற்பதற்கு முன்பே கம்பளிச் சட்டை, அதன்மேல் காக்கி. காய்ந்த பனியன் இன்னொன்று, மேலே போய் மாற்றிக்கொள்ள. போர்த்த மெல்லிசுக் கம்பளி ஒன்று. எல்லாம் சேர்த்தும் போன வருஷத்துக் கம்பளியில் பாதிகூடக் கனமில்லை.

சீரும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளைக்குச் சரிகைக்கரை வேட்டி, பவுனுக்குப் பட்டுச்சேலை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை. மழை நனைக்காமல் இருக்க மெழுகுசீலை ஒன்றுதான் கிடைத்தது. என் மாற்றுத்துணிக்கா, சீருக்கா என்று கொஞ்சம் யோசித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உடுத்தாத கோடித்துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் தட்டில் வைக்க முடியாது. சீருக்குத்தான்.

டிசம்பர் 6

இருமல் இருக்கிறது. மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சங்கிலியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்க தங்கச்சி வீட்டு மானமெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க நடுங்கிக்கிட்டு டோலியில வந்தது ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். ஆனால் பவுனுக்கு நான் ஒரே அண்ணன். போகாவிட்டால் ஒரு வழியை நானே அடைத்த மாதிரி. அதையும் சொன்னேன். எழுந்துபோய் மிளகுக் கஷாயம் போட்டுக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 10

சின்னமனூர். இப்ராஹிம் காத்திருந்தான். நாளைக் காலையில் ஏறுகிறோம். மலை முழுக்க மேகத்துக்குள் இருக்கிறது.

டிசம்பர் 11, சனி. சாயங்காலம்

பென்சிலால் எழுதுகிறேன். யானைக்காவல் குடிசையில் இருக்கிறோம். பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். மேலே இன்னொரு ஓடையில் வெள்ளம் போகிறது. வடிந்தால் விடியற்காலையில் போகலாம்.

மத்தியானம்வரை எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. நின்ற இடமெல்லாம் போட்டேன், நடந்தபோது கழற்றினேன். நடுக்கமே இல்லை. இப்ராஹிம்கூட, "வெங்காயம் நல்லாத்தான் ஏறுது" என்றான். கீழ் ஓடையைக் கடக்கும்போது பாசிக்கல்லில் அவனுக்குக் கால் வழுக்கியது. மூட்டையோடு, கம்பளியோடு தண்ணீரில். அந்தக் கம்பளி தண்ணீர் குடித்து எருமை மாதிரி கனத்து அவனை இழுத்தது. குதித்துத்தான் பிடித்தேன். ரெண்டு பேரும் முழுக்க நனைந்தோம். தீப்பெட்டி அவன் மடியில் இருந்தது. அதுவும் குளித்துவிட்டது.

அவனுக்கு உதடு நீலம் பாரித்துப்போச்சு. வாய் குழறுது. கரையில வச்ச என் மூட்டையில காஞ்சது ஒரே ஒரு செட்டுதான். கம்பளிச் சட்டையும் பனியனும் அவனுக்குப் போட்டுட்டேன், போர்வையையும் போத்திட்டேன். வேற என்ன செய்யுறது? வேண்டாம்னுதான் சொன்னான். சொல்லக்கூட நாக்கு எழும்பல.

எனக்குக் காக்கிச் சட்டை மட்டும் மிச்சம். வெறும் உடம்புக்கு மேலே அது. காற்றை மறிக்கிறது, சரி. உள்ளே மறித்து வைக்க என்ன இருக்கிறது? பல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

இந்த மலையில் இனிக் காய்ந்த துணி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மெழுகுசீலைக்குள்.

இப்ராஹிமுக்குத் தெளிவு வந்து நான் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டான். "ஏலே, அது சீருய்யா. தொடாத. இந்தா ஒன் சட்டைய வாங்கிக்க" என்று கழற்றப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

உடுத்தின துணியைச் சீராக வைத்தவன் எங்கள் வகையறாவில் இல்லை. தெரியும். உடுத்தாமல் இருந்தால் நாளைக்கு மடியும் இல்லை, மாமனும் இல்லை. ரெண்டுல எது பெரிய தப்பு? யார்ட்டக் கேக்குறது?

வேட்டியை மடிப்பு மடிப்பாக நெஞ்சில் சுற்றிக்கொண்டேன், இறுக்காமல். அதன்மேல் பவுனுவின் பட்டு. அதன்மேல் காக்கி. பிள்ளையின் பாவாடையை மட்டும் தொடவில்லை.

கை ஆடாமல் நிற்கிறது. எழுத முடிகிறது.

டிசம்பர் 13, திங்கள். தோட்டம்

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

விடிந்ததும் ஓடை வடிந்திருந்தது. ரெண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக ஏறினோம். கூலியாள்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டம். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். பிள்ளை நல்லகண்ணு மடியில். நல்லகண்ணு என்னைப் பார்த்ததும் பிள்ளையோடு எழுந்துவிட்டான். "அண்ணே வந்துட்டாக" என்று சத்தமாகச் சொன்னான். பவுனு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒச்சாண்டி சாமிக்காகக் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றார். மேகம் அவரைத் தொட்டுக்கொண்டு போகிறது. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் நகரமாட்டார்.

அவர் அம்மா மொக்கம்மாள் தட்டை நீட்டினாக. "சீர வைங்க. நேரமாச்சு."

மெழுகுசீலையைப் பிரித்தேன். உள்ளே பாவாடை மட்டும்.

"வேட்டியும் சேலையும் எங்கன?"

"என் ஒடம்புல இருக்கு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இப்ராஹிம் முன்னால் வந்து, "தாயி, தப்பு என்னோடது, நான்தான் ஓடையில..." என்று ஆரம்பித்தான். மொக்கம்மாள் கேட்கவில்லை. "கழிச்ச துணியையா எம் மகனுக்குச் சபையில வைக்கப் போறீக? இதுக்கு வெறுங்கையோட வந்திருக்கலாம்" என்றாக.

நல்லகண்ணு என் காதோரம் வந்தான். "அண்ணே, பொங்கலுக்கு எடுத்த கோடி வேட்டி என் பெட்டியில இருக்கு. கொண்டாறேன், ஒங்க பேருலயே வைங்க. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

ஒரு வருஷமாக இவனை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். என் இடத்தில் உட்காரக் காத்திருக்கிறான் என்று. இவன் என்னடா என்றால் வேட்டி தருகிறேன் என்கிறான். சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதை வைத்தால் அது அவன் சீர். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"வேணாம்ப்பா" என்றேன். பிறகு ஒச்சாண்டியைப் பார்த்துச் சொன்னேன். "மாப்ளே, நான் கொண்டாந்த சீர் இதுதான். இது இல்லேன்னா நேத்தே நான் கீழ போயிருப்பேன், டோலியிலயோ எப்படியோ. ஏத்துக்கிறதுன்னா ஏத்துக்கங்க. இல்லேன்னா பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டு எறங்கிடுறேன்."

ஒச்சாண்டி கிட்டே வந்தார். "கழட்டுங்க மச்சான்" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். காக்கியைக் கழற்றினேன். பட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் தங்கச்சி சேலையை உடம்பிலிருந்து அவிழ்க்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வேட்டியையும் உருவிக் கையில் கொடுத்தேன். வெறும் மேலோடு நின்றேன்.

அவர் அதை வாங்கி ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரவேட்டிக்கு மேலேயே கட்டி, உள்ளே இருந்ததை உருவிப் போட்டார். முழங்கால் ஆட்டம் மெல்ல நின்றது. அம்மாவைப் பார்த்தார்.

"சூடா இருக்கு ஆத்தா."

மொக்கம்மாள் நீட்டிய தட்டைக் கீழே இறக்கினாக.

"கோடி வேட்டி சூடாவா இருக்கும்?" என்று கேட்டார் ஒச்சாண்டி. பிறகு நல்லகண்ணுவிடம், "பிள்ளைய மச்சான் மடியில வையி" என்றார்.

பவுனு சேலையை வாங்கி அங்கேயே தோளில் போட்டுக்கொண்டாள். யாரோ எனக்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். இருளாயி என் மடியில் ஒரு நிமிஷம் கூடச் சும்மா இருக்கவில்லை. ஊசி ஏறினதும் நல்லகண்ணு பேரைச் சொல்லித்தான் அழுதது. சரி, பழகின பேரு. ரெண்டாவது காதுக்கு என் விரலைப் பிடித்துக் கடித்தது. இன்னும் வலிக்கிறது.

டிசம்பர் 15

வீடு. இருமல்கூட இல்லை. சங்கிலியம்மாள் என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

1938 ஜனவரி 23, ஞாயிறு

இப்ராஹிம் மலையிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்தான். பட்டாளத்துச் சட்டையைத் திருப்பித் தரவில்லை, தரும் யோசனையும் இல்லை போலிருக்கிறது. உள்ளே அதைத்தான் போட்டிருந்தான்.

மடியிலிருந்து வாழைநார் மூன்றை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. "மேஸ்திரி குடுத்துவிட்டாரு. மார்ச்சுற்றளவாம். அடுக்குச் சட்ட மூணு மச்சானத் தைக்கச் சொல்லுன்னாரு. அம்புட்டுத்தான் பேசுனாரு."

ஒரு நார் ஒச்சாண்டியுடையது. சின்னது இருளாயியுடையது, அதை நீட்டிப் பார்த்து சங்கிலியம்மாள் சிரித்தாள். மூன்றாவது நல்லகண்ணுவுக்காம். என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். என்னைவிட நாலு விரல் அகலம் அவன். துணி கூடத்தான் பிடிக்கும்.